737 மேக்ஸ் ஏன் அவ்வளவு நாள் தரையில் நின்றது, விமானிகள் என்ன நினைத்தார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

737 மேக்ஸ் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் என்னிடம் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். "பைலட்டுகளே அதில் ஏற மாட்டேன் என்றார்களாமே" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அதெல்லாம் இல்லை, சும்மா இழுத்தடித்தார்கள்" என்பார் இன்னொருவர். நான் விமானி இல்லை. விபத்து விசாரணை அறிக்கைகளையும், அமெரிக்க நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட சாட்சியங்களையும், விமானிகள் சங்கங்கள் சொன்னவற்றையும் விடாமல் படித்துவந்தவன், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

முதலில் இது எந்த விமானம், எதுக்காக நிறுத்தினாங்க?

போயிங் 737 மேக்ஸ். 1960களில் பறக்கத் தொடங்கிய 737 குடும்பத்தின் நான்காவது தலைமுறை. 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவின் லயன் ஏர் விமானம் 610 ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிச் சில நிமிடங்களில் ஜாவா கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் 302 அடிஸ் அபாபாவிலிருந்து கிளம்பி ஆறே நிமிடத்தில் விழுந்தது. 157 பேர். ஐந்து மாதத்துக்குள் ஒரே ரகப் புது விமானம் இரண்டு, ஒரே மாதிரி போயின.

இரண்டாவது விபத்துக்கு மறுநாளே சீனா நிறுத்தியது. அடுத்த நாள் ஐரோப்பாவும் இந்தியாவும். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. கடைசிப் பெரிய ஆளாக மார்ச் 13 அன்று நிறுத்தியது. அந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வொரு நாடும் தனித்தனியாக அனுமதி கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எம்காஸ் எம்காஸ்னு சொல்றாங்களே, அது என்னதான் செய்யும்?

மேக்ஸில் பொருத்திய இன்ஜின் பெரியது. 737 தரையோடு தாழ்ந்து நிற்கும் விமானம் என்பதால், அந்த இன்ஜினை இறக்கைக்குக் கீழே முன்தள்ளியும் சற்று உயர்த்தியும் மாட்டவேண்டி வந்தது. அதனால் மூக்கு அதிகம் மேலே தூக்கியிருக்கும் சில நிலைகளில் இன்ஜினைச் சுற்றியுள்ள வெளிக்கூடும் தன் பங்குக்கு மேலே தூக்கும். விமானி கையில் இருக்கும் கட்டுப்பாட்டுத் தண்டு இலேசாகிவிடும். அதைச் சரிக்கட்ட வந்த மென்பொருள்தான் எம்காஸ். மூக்கு அளவுக்கு மீறித் தூக்கியிருக்கிறது என்று நினைத்தால், வாலில் உள்ள கிடைமட்டச் சிறகைத் தானே அசைத்து மூக்கைக் கீழே இறக்கும்.

நினைப்பது தப்பாக இருந்தால்? அங்கேதான் கோளாறு. காற்றுக்கும் விமானத்துக்கும் உள்ள கோணத்தை அளக்க இரண்டு சென்சார்கள் இருந்தும், எம்காஸ் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே நம்பியது. லயன் ஏர் விமானத்தில் அந்த ஒன்று சுமார் 21 டிகிரி தப்பாகக் காட்டியது. விமானி மூக்கைத் தூக்க, சில விநாடியில் எம்காஸ் மறுபடி இறக்கும். இப்படி இருபது தடவைக்கு மேல் இழுபறி நடந்தது.

பைலட்டுகளுக்கு அப்படி ஒன்று இருக்குறதே தெரியாதாம், நிஜமா?

நிஜம். விமானிகள் கையேட்டில் எம்காஸ் விளக்கப்படவில்லை. அதை விட்டுவிட அனுமதி வேண்டும் என்று போயிங் 2016 மார்ச்சில் எஃப்.ஏ.ஏ.விடம் கேட்டது, அனுமதியும் கிடைத்தது. அந்த மென்பொருள் வாலை அசைக்கக்கூடிய அளவு 0.6 டிகிரியிலிருந்து 2.5 டிகிரியாகக் கூட்டப்பட்டது. கையேட்டு முடிவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லயன் ஏர் விபத்துக்குப் பிறகுதான், 2018 நவம்பரில், உலகம் முழுக்க மேக்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டார்கள்.

அதே மாதக் கடைசியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் சங்கத்தினர் போயிங் அதிகாரிகளை நேரில் உட்காரவைத்துக் கேட்டார்கள். அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு 2019 மே மாதம் வெளியே வந்தது. எங்கள் விமானத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு என்பது விமானிகளின் வாதம். தெரிந்திருந்தாலும் முடிவு மாறியிருக்குமா என்று தெரியவில்லை என்ற தொனியில் பதில் வந்தது. அப்போது எத்தியோப்பிய விபத்து நடந்திருக்கவில்லை. இந்த விவகாரத்தில் விமானிகளின் மனநிலை புரிய வேண்டுமானால் அந்த ஒரு சந்திப்பு போதும் என்பேன்.

சாஃப்ட்வேர் தானே, சில வாரத்தில் சரிபண்ணிடலாம்னு சொன்னாங்க. இருபது மாசம் ஏன் ஆச்சு?

நோண்ட நோண்ட வேறு வேறு சமாச்சாரம் கிளம்பியதால். எம்காஸ் திருத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, 2019 ஜூனில், எஃப்.ஏ.ஏ. சோதனை விமானிகள் சிமுலேட்டரில், அதாவது தரையிலேயே பறப்பது போலப் பயிற்சி தரும் கருவியில், இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். பறப்புக் கணினியின் ஒரு சிப் திணறினால், தானாக அசைந்து ஓடும் வால் சிறகைப் பிடித்து நிறுத்த விமானிக்கு நேரம் போதவில்லை. விளைவு, கணினியின் அடிப்படை ஏற்பாட்டையே மாற்றவேண்டியதாயிற்று. அதுவரை ஒரு பயணத்துக்கு ஒரு கணினிதான் வேலை செய்யும். இனி இரண்டும் ஒன்றை ஒன்று சரிபார்க்க வேண்டும். சில வார வேலை என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போனது.

அப்புறம் வால் பக்கம் போகும் வயர் கட்டுகள் நெருக்கமாக இருப்பது தெரிந்தது. ஷார்ட் ஆனால் வால் தானாக ஓடக்கூடும். 2020 பிப்ரவரியில், நிறுத்திவைத்திருந்த சில புது விமானங்களின் எரிபொருள் தொட்டியில் தொழிற்சாலைக் குப்பைகள் கிடந்தன. அதற்கடுத்த மாதம் கொரோனா. அதன் பிறகு விமானம் வந்தாலும் ஏற ஆளில்லை என்ற நிலையில், அவசரம் என்ற சொல்லே காணாமல் போனது. எஃப்.ஏ.ஏ. கடைசியில் 2020 நவம்பர் 18 அன்றுதான் தடையை நீக்கியது.

தள்ளிப் போகப் போக பைலட்டுகளுக்குக் கோபமா, நிம்மதியா?

இரண்டும். கோபம் தாமதத்தின் மேல் இல்லை, தேதியின் மேல். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மேக்ஸைத் தன் அட்டவணையிலிருந்து முதலில் ஏப்ரல் வரைக்கும் எடுத்தது, பிறகு ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர், நவம்பர், 2020 ஜனவரி என்று தள்ளிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்து, யார் எங்கே எந்த நாளில் பறப்பது என்ற பட்டியல் தலைகீழ். வீட்டில் ஒருவர் "வந்துவிடுகிறேன், வந்துவிடுகிறேன்" என்று மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால் வரும் எரிச்சல் இருக்கிறதே, அந்த வகை. ஒரேயடியாக வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் வேறு வேலையாவது பார்த்திருக்கலாம்.

நிம்மதிக்குக் காரணம் மேலே சொன்ன 2018 நவம்பர் சந்திப்பு. தங்களைக் கேட்காமலே எல்லாம் முடிவாகிவிட்டது என்று நினைத்தவர்களுக்கு, தாமதம்தான் உள்ளே நுழைய ஒரு கதவாக இருந்தது. 2019 ஏப்ரலில் எஃப்.ஏ.ஏ. முன்வைத்த வரைவு, கணினிப் பாடம் போதும், சிமுலேட்டர் தேவையில்லை என்றது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் சங்கம் அதை எதிர்த்து எழுத்தில் கருத்துக் கொடுத்தது. விமானம் அந்தக் கோடையிலேயே திரும்பியிருந்தால் அந்த எதிர்ப்பு ஒரு கோப்பில் தூங்கியிருக்கும்.

சந்தேகமும் இருந்தது. 2019 நவம்பரில் போயிங், டிசம்பரிலேயே விமானங்களை ஒப்படைக்க ஆரம்பிக்கலாம் என்று அறிவித்தபோது, இன்னொரு அமெரிக்க விமான நிறுவனமான சவுத்வெஸ்டின் விமானிகள் சங்கம் தன் உறுப்பினர்களை எச்சரித்தது. இப்படி நல்ல தேதியாகச் சொல்லிக்கொண்டே இருப்பது ஒழுங்குமுறை அமைப்புக்குக் கொடுக்கும் அழுத்தமாக இருக்கலாம் என்றது. அந்தச் சந்தேகம் சங்கத்துக்கு மட்டும் இல்லை. டிசம்பரில் எஃப்.ஏ.ஏ. தலைவர் ஸ்டீவ் டிக்சன், போயிங் தலைவர் டென்னிஸ் முய்லன்பர்க்கை அழைத்து, நடக்காத கால அட்டவணையைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கண்டித்தார். அதே மாதம் 23ஆம் தேதி முய்லன்பர்க் பதவி இழந்தார்.

விமானம் நின்னா அவங்களுக்கு என்ன? சம்பளம் வந்துட்டுத்தானே இருக்கும்?

அமெரிக்க விமானிகளுக்கு மாதச் சம்பளம் என்பது நாம் நினைக்கிற மாதிரி இல்லை. குறைந்தபட்ச உத்தரவாதம் ஒன்று உண்டு. அதற்கு மேல் பறந்த அளவுக்குத்தான் காசு. சவுத்வெஸ்ட் நிறுவனத்திடம் 737 தவிர வேறு விமானமே கிடையாது, 34 மேக்ஸ் அதில் நின்றுபோயின. அமெரிக்கனிடம் 24, யுனைடெடிடம் 14.

2019 அக்டோபரில் சவுத்வெஸ்ட் விமானிகள் சங்கம் போயிங் மேல் வழக்குப் போட்டது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் ரத்தானதால் உறுப்பினர்களுக்கு 10 கோடி டாலருக்கு மேல் வருமான இழப்பு என்பது சங்கத்தின் கணக்கு. மேக்ஸ் பழைய 737 போலவேதான் என்று சொல்லி நம்பவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டின் மையம்.

அப்போ காசு போன கடுப்பில்தான் பாதுகாப்பு பாதுகாப்புன்னு பேசினாங்களா?

கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் கணக்கு எதிர்த்திசையில் போகிறது. காசு மட்டும் பிரச்சினை என்றால், விமானம் சீக்கிரம் பறக்கட்டும் என்றுதான் சங்கங்கள் நின்றிருக்க வேண்டும். அவை கேட்டதோ கூடுதல் சிமுலேட்டர் பயிற்சி. அதைக் கேட்டால் திரும்பும் நாள் இன்னும் தள்ளிப்போகும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

காசுக்காகப் பயிற்சியைத் தவிர்த்த கதை வேறு பக்கம் இருந்தது. மேக்ஸுக்கு சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் ஒரு விமானத்துக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி தருவதாக போயிங் சவுத்வெஸ்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு அதை வெளியே கொண்டுவந்தது. பயிற்சி வேண்டாம் என்பது பொறியாளர் எடுத்த முடிவா, விற்பனைப் பிரிவு எடுத்த முடிவா என்று இதைப் படித்தபிறகு நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

நல்ல பைலட்டா இருந்தா சமாளிச்சிருப்பார்னு சொல்றாங்களே?

இப்படிச் சொல்பவர்கள் காட்டும் சான்று, லயன் ஏர் விபத்துக்கு முந்தின நாள். அதே விமானம், அதே கோளாறு, டென்பசாரிலிருந்து ஜகார்த்தாவுக்கு. அன்று வால் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்துக் கையால் சரிசெய்து பத்திரமாக இறக்கினார்கள். உண்மை. ஆனால் அன்று விமானி அறையில் பயணியாக வந்த மூன்றாவது விமானி ஒருவரும் உட்கார்ந்திருந்தார். இருவர் இரண்டு கையாலும் தண்டைப் பிடித்துப் போராடும்போது, மூன்றாவதாக ஒரு ஜோடிக் கண் சும்மா இருப்பது சாதாரண உதவி இல்லை.

எத்தியோப்பிய விமானிகள் அந்த மின்சாரத்தைத் துண்டிக்கவும் செய்தார்கள். அதற்குப் பிறகு வாலைக் கையால் திருப்ப விமானி அறையில் ஒரு டிரிம் சக்கரம் உண்டு. வேகம் கூடிவிட்டதால் வாலில் காற்றின் பாரம் ஏறி, சக்கரம் நகரவில்லை. இன்ஜின் விசையைக் குறைக்காமல் விட்டது அவர்கள் பக்கத்துக் குறை என்று விமர்சித்தவர்களில் விமானிகளும் உண்டு. அந்த விமர்சனத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஒரே நேரத்தில், விமானம் தூக்குவிசையை இழக்கப்போகிறது என்று எச்சரிக்கும் விதமாகத் தண்டு நடுங்கி, வேகமானி முரண்பட்டு, எச்சரிக்கைகள் கத்திக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஹட்சன் நதியில் விமானத்தை இறக்கிய செஸ்லி சல்லன்பர்கர் 2019 ஜூன் 19 அன்று நாடாளுமன்றக் குழுமுன் பேசினார். மேக்ஸ் விபத்துச் சூழலைத் தானே சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்ததாகவும், என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருந்தும், தீர்வைக் கண்டுபிடிப்பதற்குள் நேரமும் உயரமும் தீர்ந்துவிடக்கூடும் என்பது புரிந்ததாகவும் சொன்னார். அவரைவிட "நல்ல பைலட்" யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

ஐபேடில் பாடம் படிச்சுட்டே புது விமானம் ஓட்டினாங்களாமே?

ஆமாம். முந்தைய தலைமுறை 737 ஓட்டியவர்கள் ஓரிரு மணி நேரக் கணினிப் பாடத்தோடு மேக்ஸில் ஏறினார்கள். அதில் எம்காஸ் இல்லை. இதை மாற்றியது சங்கங்களின் கடிதம் மட்டும் அல்ல. 2019 டிசம்பரில் விமான நிறுவனங்களின் சாதாரண விமானிகளை சிமுலேட்டரில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். பலர் எழுதிவைத்த செயல்முறைப்படி போகாமல் தங்கள் கைத்திறனை நம்பிச் சமாளித்தார்கள். திறமை இருந்தது. ஆனால் செயல்முறையை நம்பி வடிவமைத்த விமானத்துக்கு அது போதாது.

2020 ஜனவரி 7 அன்று போயிங் தன் பழைய நிலையை விட்டு, எல்லா மேக்ஸ் விமானிகளுக்கும் சிமுலேட்டர் பயிற்சியைப் பரிந்துரைத்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் சங்கம் முன்பே கேட்டது அதுதான்.

எல்லா பைலட்டுகளும் ஒரே மாதிரிதான் பேசினாங்களா?

இல்லவே இல்லை. அமெரிக்கச் சங்கங்களுக்கு முக்கியக் கவலை பயிற்சியும் கையேடும். பிரிட்டன் விமானிகள் சங்கமான பால்பா இன்னும் அடியில் போனது. 2020இல் எஃப்.ஏ.ஏ. தன் திட்டத்தை வெளியிட்டுக் கருத்துக் கேட்டபோது, மேலே சொன்ன டிரிம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. நெருக்கடியில் இரண்டு விமானிகளும் சேர்ந்து சக்கரத்தைச் சுற்றவேண்டி வரலாம் என்றால், அப்போது விமானத்தை ஓட்டுவது யார்? மிக நியாயமான கேள்வி என்பது என் எண்ணம். சக்கரம் இன்றும் அதே சக்கரம்தான். சிக்கல் அதுவரை போகாமல் தடுப்பது என்ற வழியைத்தான் எடுத்தார்கள்.

கனடாவும் ஐரோப்பாவும் கேட்டது வேறு. தப்பான எச்சரிக்கையால் தண்டு ஓயாமல் நடுங்கினால் விமானியின் கவனம் சிதறும். அதை நிறுத்த அதன் மின்சுற்றைத் துண்டிக்கும் உரிமை வேண்டும் என்றார்கள். எஃப்.ஏ.ஏ. அதைச் சேர்க்கவில்லை, அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, ஒரே விமானத்துக்கு இரண்டு நாட்டில் சற்றே வேறுபட்ட செயல்முறை.

சரி, கடைசியில் என்னதான் மாத்தினாங்க?

எம்காஸ் இப்போது இரண்டு சென்சாரையும் பார்க்கும். இரண்டுக்கும் 5.5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். ஒரு தடவை இறங்கினால் அதோடு சரி, திரும்பத் திரும்ப வராது. விமானி தண்டை இழுத்து வெல்ல முடியாத அளவுக்கு அது போகவும் முடியாது. சென்சார்கள் முரண்படுகின்றன என்று சொல்லும் எச்சரிக்கை எல்லா விமானத்திலும் வேலை செய்யும். முன்பு அது தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ஒரு கருவியோடு தெரியாமல் பிணைக்கப்பட்டிருந்ததால், பெரும்பாலான விமானங்களில் வேலையே செய்யவில்லை. வயர்களைப் பிரித்தார்கள், கணினிகளைப் பற்றி முன்பே சொன்னேன். கையேட்டில் எம்காஸ் இருக்கிறது.

திரும்பி வந்தப்போ ஓட்ட மாட்டேன்னு சொன்னாங்களா இல்லையா?

சங்கங்கள் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. குறிப்பிட்ட ஒரு விமானத்தில் ஒரு பழுது சரியில்லை என்று தோன்றினால், அதை எடுக்க மறுக்கும் அதிகாரம் கேப்டனுக்கு எப்போதும் உண்டு. ஆனால் "இந்த ரகமே வேண்டாம்" என்பது வேறு விஷயம். முந்தைய 737க்கும் மேக்ஸுக்கும் ஒரே உரிமம் என்பதால் பட்டியலில் எது வருகிறதோ அதைத்தான் ஓட்டவேண்டும். பாதுகாப்பு உறுதியாகாத விமானத்தில் கால் வைக்கமாட்டோம் என்று பலமாகக் குரல் கொடுத்தது அமெரிக்கன் நிறுவனத்தின் விமானப் பணியாளர் சங்கம்.

விமானிகளின் நம்பிக்கையைத் திருப்பியதில் இரண்டு நிகழ்ச்சிகளுக்குப் பங்குண்டு என்று நினைக்கிறேன். 2020 செப்டம்பரில் லண்டன் கேட்விக்கில் அமெரிக்கா, கனடா, பிரேசில், ஐரோப்பா ஆகிய நான்கு தரப்பு விமானிகள் புதிய பயிற்சியைத் தாங்களே ஓட்டிப் பார்த்து மதிப்பிட்டார்கள். அதே மாதம் 30ஆம் தேதி ஸ்டீவ் டிக்சன் தானே பயிற்சி எடுத்துக்கொண்டு மேக்ஸை ஓட்டினார். அவர் டெல்டா விமான நிறுவனத்தின் முன்னாள் விமானி. நான் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். பயணிகளோடு முதலில் பறக்க ஆரம்பித்தது பிரேசிலின் கோல் நிறுவனம், 2020 டிசம்பர் 9 அன்று. அமெரிக்காவில் டிசம்பர் 29, மயாமியிலிருந்து நியூயார்க்.

இந்தியாவில் எப்ப விட்டாங்க?

2021 ஆகஸ்ட் 26. எத்தியோப்பிய விபத்துக்கு மறுநாள் இந்திய ஒழுங்குமுறை அமைப்பு முதலில் கேட்டது விமானிகளின் அனுபவத்தைத்தான். கேப்டனுக்கு 737இல் ஆயிரம் மணி நேரம், துணை விமானிக்கு ஐநூறு. அடுத்த நாளே அது போதாது என்று விமானத்தையே நிறுத்திவிட்டது. முதலில் நிறுத்திய சீனாவில் பயணிகள் சேவை மறுபடி தொடங்கியது 2023 ஜனவரியில்.

2024இல் பறக்கும்போது கதவு பிய்ச்சுக்கிட்டுப் போச்சே, அதுவும் இதே கோளாறா?

இல்லை. 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் 1282இல் பறந்துபோனது, பயன்படுத்தாத வாசலை மூடியிருந்த ஒரு பலகை. அதைப் பிடித்துவைக்கும் போல்ட்டுகளைத் தொழிற்சாலையில் திரும்ப மாட்டவில்லை. மென்பொருளுக்கும் சென்சாருக்கும் சம்பந்தமில்லை. அந்த வகை மேக்ஸ் 9 விமானங்கள் 171ஐ எஃப்.ஏ.ஏ. நிறுத்தியது, மூன்று வாரத்துக்குள் ஆய்வுசெய்து விட்டுவிட்டது. அலாஸ்கா விமானத்தில் இருந்த 177 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

ஆனால் விமானிகள் அந்தச் சம்பவத்தில் கவனித்தது வேறொன்று. காற்றழுத்தம் சட்டென்று இறங்கியதும் விமானி அறைக் கதவு தானாகப் படாரென்று திறந்துகொண்டது. துணை விமானியின் ஹெட்செட் பறந்தது, அவசரகாலச் சரிபார்ப்பு அட்டையும் போனது. அழுத்தம் இறங்கினால் அந்தக் கதவு அப்படித் திறக்கும்படிதான் வடிவமைத்திருந்தார்கள் என்று அமெரிக்க விபத்து விசாரணை வாரியத்தின் தலைவர் பின்னர் சொன்னார். அது விமானிகளுக்குச் சொல்லப்படவில்லை, கையேட்டில் சேர்ப்பதாக போயிங் கூறியிருக்கிறது என்றும் சொன்னார்.